சாமிக்கு ஆகாத பாத்தி

மஞ்சள் தார்ப்பாயைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். லாரிமேல் கிடந்தாலும் சரி, மழைக்கு மூடிய தள்ளுவண்டிமேல் கிடந்தாலும் சரி. ஒருமுறை திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஒரு பழக்கடைக்கு மேலே கட்டியிருந்ததைப் பார்த்து நான் பல்லைக் கடித்ததில், கடைக்காரர் பயந்துபோய், "இன்னாம்மா, பழம் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார். பழத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை எல்லாம் என் கணவரின் அண்ணனோடுதான்.

எங்கள் நிலம் திருவாலங்காடு போகிற ரோட்டில் இருக்கிறது. முழுக்கக் கரும்பு இருந்த இடம். அதில் ஒரு மூலையில் பாலிஹவுஸ் போட்டோம். நாங்கள் ஷெட் என்றுதான் சொல்வோம். இரும்புக் குழாய் வளைவுகள், மேலே வெள்ளைப் பிளாஸ்டிக், பக்கத்தில் சுருட்டி ஏற்றுகிற திரை, உள்ளே பன்னிரண்டு பாத்தி. என் கணவர் ரயில்வேயில் இருக்கிறார். காலையில் அரக்கோணம் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஷெட்டுக்குள் நடப்பதெல்லாம் நானும், எங்களோடு வேலை செய்கிற ஒரு அக்காவும் மட்டும்தான். ஆனால் நிலம் இருப்பது மூத்தவர் பேரில். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன்.

பாவாவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஷெட் பிடிக்காது. முதல் வருஷம் ஜெர்பரா பூச்செடி வைத்தோம், வெயிலில் வதங்கிப் போனது. அன்றையிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் ஷெட்டைக் காட்டி, "செடிக்கு ஏசி ரூம் கட்டிக் கீறாங்க எங்க வூட்ல" என்பார். நான் சாமந்தி வைக்கப் போகிறேன் என்றதும் முகத்தைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆடிக் கிருத்திகைக்குப் பூ வரணும். என் காவடிக்கு இந்த வருஷம் நம்ம ஷெட்டுப் பூதான். வரலைன்னா ஷெட்டைப் பிரிச்சுடலாம். இன்னாம்மா சொல்ற?"

"வரும் பாவா" என்றேன். வாய்க்கொழுப்பு. மறு வாரமே மணவூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து, மாட்டுக்கொட்டகை போட இந்தக் குழாய்கள் ஆகுமா என்று பார்க்கவிட்டார். செடி இன்னும் முழ உயரம்கூட வளரவில்லை. அதற்குள் அந்த ஆள் குழாயைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடியில் சாமந்தி பூப்பது சுலபமில்லை. ராத்திரி நீளமாக இருந்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். அதனால்தான் மார்கழி, தை மாதத்தில் தானாகப் பூத்துத் தள்ளுகிறது. ஆனி, ஆடியில் பகல் நீளம். செடி பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டே நிற்கும். அதை ஏமாற்ற வேண்டும். முதலில் கொஞ்ச நாள் ராத்திரியில் பல்பு எரியவிட்டுத் தண்டை உயர வளர்க்க வேண்டும். அப்புறம் கிருத்திகைக்கு ஒன்பது வாரம் இருக்கும்போது, தினமும் சாயங்காலம் கறுப்புத் துணியால் மூடி, ராத்திரி வந்துவிட்டது என்று நம்பவைக்க வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. ஒரு கோடு வெளிச்சம்கூட உள்ளே வரக் கூடாது.

நாற்று கொடுத்த ஓசூர்க்காரர் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். மாலை ஐந்து மணிக்கு மூடவும், காலை ஏழு மணிக்குத் திறக்கவும் என்று போட்டிருந்தது. ஓசூரில் மூடலாம். அங்கே ஐந்து மணிக்கு ஸ்வெட்டர் போடுவார்கள். எங்கள் ஊரில் கத்திரி வெயில் முடிகிற வாரத்தில் ஐந்து மணிக்கு மூடினால் செடி புழுங்கியே சாகும். சூடு ஏறினால் இருட்டு இருந்தும் மொட்டு தள்ளிப்போகும். நான் தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு வாரம் பார்த்தேன். ஆறரைக்கு மூடுவது, காலையில் எட்டு மணிக்குத் திறப்பது என்று முடிவு செய்தேன். வெயில் சுடத் தொடங்குவதற்குள் திறந்துவிடலாம், இருட்டும் குறையாது. தாளை மடித்து அலமாரியில் வைத்தேன். கிழித்தே போட்டிருக்க வேண்டும்.

துணிக்கு என் அப்பாவிடம் போனேன். நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் அவருக்கு இரண்டு பவர்லூம் தறி. கடையில் கிடைப்பது பிளாஸ்டிக் ஷீட், அதில் காற்றே போகாது, எனக்குக் கெட்டியான பருத்தித் துணி வேண்டும் என்றேன். "பூவுக்குப் பாவாடை கேக்கற பொண்ணை இப்பதான் பாக்கறேன்" என்று சிரித்தார். ஆனாலும் கறுப்பு நூல் போட்டு, நெருக்கி அடித்து, பன்னிரண்டு பாத்திக்கும் நெய்து, இரட்டையாகத் தைத்து, அவரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாத்திக்கு மேலே கம்பி கட்டி முதல் துணியைப் போட்டதும், உச்சி வெயிலில் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டார்.

"நைனா, இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல கண்ணு. என் கையே எனக்குத் தெரியல. இரு இரு, இங்க ஒரு பொத்தல் கீது. ஊசி குடு."

உள்ளே உட்கார்ந்தபடியே அந்தப் பொத்தலைத் தைத்தார். வெளியே வந்தபோது சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்திருந்தது. மோர் குடித்துவிட்டு அடுத்த துணிக்குள் போனார். பன்னிரண்டையும் இப்படித்தான் பார்த்தார்.

மூடத் தொடங்கிய நான்காம் நாள், சாயங்காலம் ஆறரைக்குப் பதினோராவது பாத்தியை மூடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நைனா தறி பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு பன்னிரண்டாவது பாத்தியையும் மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கை பாட்டுக்குச் செய்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வாய்விட்டு அழுதேன்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டுதான். அம்மாவே, "உன் வேலை கெட்டுப்போவும், போய்ட்டுக் கருமாதிக்கு வா" என்றாள். பாவாவுக்குப் போன் செய்தேன்.

"மூணு நாளெல்லாம் சும்மா பூவுக்கும்மா. இது கிருத்திகைப் பூ. கருமாதி முடிச்சிட்டே வா. நான் பாத்துக்கறேன்."

"ஆறரைக்கு மூடணும் பாவா. எட்டுக்குத் தெறக்கணும்."

"ஆங், ஆங். எனக்குத் தெரியாதா?"

தெரியாது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் யாரோடு மல்லுக்கட்டுவது? தினமும் அக்காவுக்குப் போன் போட்டேன். "நல்லா கீதும்மா, நீ கவலப்படாத" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. குரலில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. துக்கம் விசாரிக்கிற குரல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கருமாதி முடிந்து, பதினேழாம் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோட்டிலிருந்தே தெரிந்தது. ஷெட்டின் வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குள்ளே மஞ்சளாக ஏதோ பளபளவென்றிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பூத்துவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்த நொடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொட்டு வைக்கவே இன்னும் நாளிருந்தது. பையை வரப்பில் போட்டுவிட்டு ஓடினேன்.

பதினொரு பாத்திமேலும் மஞ்சள் தார்ப்பாய். மணி ஐந்தரை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பாவா மஞ்சள் வேட்டியில், கழுத்தில் விரத மாலையோடு, கையில் அந்த ஓசூர்த் தாளை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"வாம்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"கறுப்புத் துணி எங்க பாவா?"

"மோட்டார் ரூம்ல கீது. மாத்திட்டேன்."

"ஏன்?"

"சாமிக்குப் போற பூவும்மா. கறுப்பு போத்தலாமா? முருகனுக்கு மஞ்சள்தானே. அதான் தார்ப்பாயி வாங்கியாந்தேன். அதுவுமில்லாம..." என்று நிறுத்தினார்.

"அதுவுமில்லாம இன்னா?"

"செத்தவர் கையால நெய்ஞ்ச துணி. செத்த வூட்டுத் துணிய சாமி பூமேல எப்படிம்மா போடறது?"

செத்தவர். மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தவர். அவருக்கு இப்போது அதுதான் பேர். மூலையில் கிடந்த காலி உர மூட்டையை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் புகுந்தேன். உள்ளே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூட்டையில் அச்சடித்திருந்ததை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். எடை எவ்வளவு, எப்படிப் பயன்படுத்த வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், எல்லாவற்றையும்.

"இன்னாம்மா பண்ற உள்ள?" என்றார் பாவா.

"படிக்கறேன் பாவா. எழுத்துக் கூட்டாமலே படிக்க முடியுது. இந்த வெளிச்சத்துல ராத்திரின்னு எந்தச் செடி நம்பும்? எங்க நைனா துணிக்குள்ள அவர் கையே அவருக்குத் தெரியல. தெரியுமா உங்களுக்கு?"

உள்ளே தொங்கிய தெர்மாமீட்டரோடு வெளியே வந்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். நாற்பத்து மூன்று. ஒரு தண்டின் நுனியைக் கிள்ளி நகத்தால் பிரித்துக் காட்டினேன். இலை, அதற்குள் இலை, அதற்குள்ளும் இலை. மொட்டின் சாயல்கூட இல்லை. பதினாறு நாள் செடி ஜாலியாக வளர்ந்து நின்றிருக்கிறது.

"சின்னதா ஒரு தப்பு. அதுக்கு இம்மாம் கத்தற" என்றார்.

"கத்தாம? கொஞ்சுவாங்களா? உங்களால முடியலைன்னா சும்மா இருந்திருக்கலாமே பாவா! அக்காவே செஞ்சிருக்குமே!"

அக்கா தூரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. "சொல்லவே கூடாதுன்னுட்டாரும்மா. சாவு வூட்ல கீற, மனசு கஷ்டப்படும்னாரு" என்றது. என் மனசுமேல் எல்லோருக்கும் எவ்வளவு அக்கறை!

அப்போதுதான் கவனித்தேன். கடைசிப் பாத்தி, பின்சுவரை ஒட்டி இருக்கிற பன்னிரண்டாவது பாத்தியின் கம்பியில் கறுப்புத் துணி சுருட்டிக் கிடந்தது.

"அது?"

"தார்ப்பாயி பத்தல" என்றார் பாவா. "பதினொண்ணுக்குத்தான் வந்துச்சு. அத்த உட்டுட்டேன். அந்தப் பாத்தி சாமிக்கு ஆகாது. வெளிய வித்துக்கலாம்."

அக்கா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது: "அத்த மட்டும் நீ சொன்னாப்பலயே மூடறேன்மா. ஆறரைக்கு, எட்டுக்கு. ஒரு நாள்கூட உடல."

அன்றைக்கே மோட்டார் ரூமிலிருந்து துணிகளை இழுத்துப் போட்டோம். சிலவற்றை எலி கடித்திருந்தது. கிழிசலைத் தைத்து, தைக்க முடியாததை இரண்டாக மடித்து, எல்லாப் பாத்திக்கும் மறுபடி போட்டோம். எனக்குத் தெரியும், பயனில்லை. போன பதினாறு நாள் போனதுதான். இனிமேல் மூடினாலும் பூ கிருத்திகை முடிந்த பிறகுதான் வரும். ராத்திரி கணவரிடம் சொல்லி அழுதேன். "விடு, அண்ணன்தானே. வேணும்னா செஞ்சாரு?" என்றார். வேண்டுமென்று செய்திருந்தால்கூடத் தேவலாம், சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பக்தியாகச் செய்தவரை என்ன செய்வது? கணவருக்குச் சாதம் போடாமல் படுத்துவிட்டேன். அவரே போட்டுச் சாப்பிட்டார்.

அந்த நாட்களில் எனக்கு நைனாவை நினைத்து அழவே நேரமில்லை. அழ உட்கார்ந்தால் பாவா முகம்தான் முன்னால் வந்தது. அதற்காகவே அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. என் அப்பாவுக்கான அழுகையைக்கூட இந்த மனுஷன் பிடுங்கிக்கொண்டாரே என்று.

ஆடி பிறந்தது. பதினொரு பாத்தியிலும் மிளகு அளவுக்கு மொட்டு. பாவா தினமும் வந்து பார்த்தார். "ஏதாவது மருந்து அடிச்சுப் பாரேன்" என்றார். "அடிச்சா பதினாறு நாள் திரும்பி வருமா பாவா?" என்றேன். பல்பைப் போட்டுப் பார்க்கலாமா என்றார். பல்பு போட்டால் இருக்கிற மொட்டும் கெடும் என்று சொல்லச் சொல்ல எனக்கே அலுத்துவிட்டது. பின்சுவர்ப் பக்கம் அவர் போகவே இல்லை. நானும் சொல்லவில்லை.

பரணி அன்று காலையில், கிருத்திகைக்கு முதல் நாள், பாவா வந்தார். கூடவே மணவூர்க்காரர், கையில் அளவு டேப். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். டவுனில் பூ மண்டியில் காலையிலேயே சாமந்தி தீர்ந்துவிட்டது, காவடி வீட்டில் மொட்டையாக நிற்கிறது என்று தானாகவே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மணவூர்க்காரர் டேப்பின் ஒரு முனையைப் பாவா கையில் கொடுத்து, மறு முனையோடு பின்சுவர்வரை நடந்தார். அங்கே போய் நின்றவர், "இன்னாங்க, பூவே இல்லைன்னீங்க?" என்றார்.

பாவா டேப்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். பன்னிரண்டாவது பாத்தி முழுக்கப் பூத்து நின்றது. உள்ளங்கை அகலப் பூக்கள், இலையே தெரியாமல் மஞ்சள். ஒரே ஒரு பாத்தி. ஒரு காவடிக்குத் தாராளமாகப் போதும்.

"முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "வெட்டிக் குடும்மா. சாயங்காலத்துக்குள்ள காவடி கட்டணும்" என்றார்.

"இது சாமிக்கு ஆகாத பாத்தி பாவா."

அவர் குனிந்து, கீழே விழுந்த டேப் முனையை எடுத்தார்.

"நீங்கதான் சொன்னீங்க. வெளிய வித்துக்கலாம்னு."

"எல்லாம் அவன் செயல்மா. நம்ம கையில இன்னா கீது?"

அதோடு அடக்கிவைத்ததெல்லாம் உடைந்தது. "அவன் செயலு பன்னிரண்டு பாத்தியிலயும் இருந்துச்சு பாவா! இந்த ஒரு பாத்தியிலதான் எங்க நைனா துணி இருந்துச்சு. கறுப்புத் துணி. செத்தவர் நெய்ஞ்ச துணி. அத்த இவர் முன்னால சொல்லுங்க, வெட்டித் தரேன். சொல்லலைன்னா, இந்தப் பூவை மாட்டுக்குப் போட்டாலும் போடுவேன், உங்களுக்குத் தர மாட்டேன்!"

மணவூர்க்காரர் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவா ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவங்க நைனா துணியாலதான் வந்துச்சு. நான்தான் கெடுத்தேன்."

நானும் அக்காவும் வெட்டினோம். கூடை போதவில்லை. வேண்டுமென்றே நான் வேறு கூடை தேடவில்லை. கம்பியிலிருந்து கறுப்புத் துணியை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பூவை அதில் வைத்து மூட்டையாகக் கட்டினேன். ஈரத் துணியில் இருந்தால் வாடாது. அதுவும் காரணம்தான்.

"தூக்குங்க பாவா."

தலையில் வைத்துவிட்டேன். மஞ்சள் வேட்டியும் மாலையுமாக, தலைமேல் கறுப்பு மூட்டையோடு, முகத்தில் தண்ணீர் சொட்ட நடந்து போனார். மணவூர்க்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் வர்றேங்க" என்று கிளம்பிவிட்டார்.

கிருத்திகைக்கு நான் போகவில்லை. அப்பா இறந்த வருஷத்தில் மலை ஏறக் கூடாது. ரோட்டில் காவடிகள் போகிற சத்தமும் அரோகராவும் ஷெட்டுக்குள் கேட்டன. ஆளில்லாத ஷெட்டில், வெட்டி முடித்த பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, நைனாவுக்காக அன்றுதான் ஒழுங்காக அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் பாவா வந்தார். மலை ஏறி இறங்கியதில் கால் வீங்கியிருந்தது. கையில் அந்தத் துணி, மடித்து. மடிப்பில் விபூதி ஒட்டியிருந்தது. குழாயைப் பற்றியோ பிரிப்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துப் பாத்தியில் எலி கடித்த துணியைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார்.

"ஆறரைக்கு இழுக்கணும் இல்ல?" என்றார்.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவர் பிடித்தார். அவருக்குப் பிடிக்கவும் தெரியவில்லை. அவர் பக்கம் ஒரு கை அகலத்துக்குத் திறந்து கிடந்தது.

"வெளிச்சம் வருது பாவா! கிட்ட இழுங்க!" என்று கத்தினேன்.

இழுத்தார். பிறகு கேட்காமலே குனிந்து உள்ளே தலையை விட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார்.